சேலைக்குச் சோப்பா, பூந்திக்கொட்டையா?

பள்ளிகளில் ‘புராஜெக்ட்’ என்றே பெயராகிவிட்ட அறிவியல் செயல்திட்டம், பிள்ளை ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கான விடையைத் தன் கையால் செய்து பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதிவைக்கும் பயிற்சியாகவே பாடத்தில் இடம்பெற்றது. நடைமுறையிலோ அது ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில்தான் வீட்டாரின் காதுக்கு வருகிறது. வந்த வேகத்தில் தெர்மாகோல் அட்டையாகவும் சார்ட் பேப்பராகவும் ஸ்டேஷனரி கடைப் பில்லாகவும் மாறி, பெற்றோர் வெட்ட, பிள்ளை வேடிக்கை பார்க்க, நள்ளிரவில் முடிந்துவிடுகிறது. சமையல் சோடாவும் வினிகரும் கலந்து பொங்கும் எரிமலை மாதிரி இவற்றில் மிகவும் பெயர்பெற்றது. அது பார்க்க அழகாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொங்கும் என்பது முன்பே தெரிந்திருக்க, பொங்கியதும் எதையும் அளக்க வேண்டியிராத நிலையில், அதைச் செயல்முறை விளக்கம் என்று சொல்லலாமே தவிர ஆய்வு என்று சொல்ல முடியாது.

விரைவாக முடிய வேண்டும் என்ற தேவையைக் குறைசொல்லிப் பயனில்லை. தேர்வுகளுக்கும் வீட்டுப்பாடங்களுக்கும் இடையில் ஒரு வாரமோ ஒரு சனி ஞாயிறோதான் கிடைக்கிறது என்பது உண்மை. குறுகிய காலத்தில் முடியக்கூடிய ஆய்வுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. கேள்வி ஒரே வாக்கியத்தில் அடங்க வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, அதனால் வேறொன்று எவ்வளவு மாறுகிறது என்பதை எண்ணாலோ நிறத்தாலோ சொல்ல முடிய வேண்டும். வேண்டிய பொருள் வீட்டிலோ தெருவிலோ இருக்க வேண்டும். இப்படி மாற்றப்படுவதையும் அதனால் மாறுவதையும் அறிவியலில் ‘மாறி’ என்கிறார்கள். எதையும் மாற்றாமல் ஒப்பிடுவதற்காக மட்டும் வைத்துக்கொள்ளும் மாதிரிக்குக் ‘கட்டுப்பாட்டு மாதிரி’ என்று பெயர். இந்த இரண்டு சொற்களும் பிள்ளைக்கு விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

நாடெங்கும் இதே நெறியில் பிள்ளைகளை ஆய்வு செய்ய வைக்கும் ஓர் ஏற்பாடு 1993 முதல் நடந்துவருகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரிலுள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, நேரில் பார்த்து, அளந்து, தாய்மொழியிலேயே அறிக்கையாக்கலாம். தமிழ்நாட்டில் இதைப் பள்ளிகளுக்குக் கொண்டுசேர்ப்பதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பங்கு பெரிது. 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழும் அந்த இயக்கத்தினுடையதே. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்காக 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்ட வானவில் மன்றமும், தேர்வாகும் புதிய யோசனைக்கு 10,000 ரூபாய் வழங்கும் இன்ஸ்பயர் மானக் விருதும் இதே திசையில் அமைந்தவை. இவற்றில் எதிலும் தெர்மாகோலுக்கு மதிப்பெண் இல்லை. கேள்வி யாருடையது, எப்படி அளந்தார்கள் என்பதே பார்க்கப்படுகிறது.

பட்டு நெய்யும் காஞ்சிபுரத்தில் இப்படியொரு கேள்விக்கு எங்கும் போகவேண்டியதில்லை. ஏறத்தாழ எல்லா வீட்டிலும் பீரோவில் ஒரு பட்டுச் சேலை இருக்கும். அதை எதில் துவைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு ஒரு கருத்து இருக்கும். பாட்டி பூந்திக்கொட்டை என்பார், அம்மா ஷாம்பு போதும் என்பார், பக்கத்து வீட்டில் சோப்புத் தூளிலேயே ஊறவைத்து எடுத்திருப்பார்கள், நெய்து கொடுத்தவரோ முதல் சில முறை வெறும் தண்ணீரில் அலசினால் போதும் என்று சொல்லியிருப்பார். இத்தனை கருத்து மோதும் இடத்தில் ஒரு நல்ல செயல்திட்டம் தயாராகக் காத்திருக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிப்பதில்லை.

இந்தக் கேள்வியின் பின்புலம் சற்று விரிவாகவே அறியத்தக்கது. பட்டு இழை விலங்கிலிருந்து கிடைக்கும் புரதம். பருத்தி செடியிலிருந்து கிடைக்கும் செல்லுலோஸ். பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது இரண்டு புரதங்களைச் சேர்த்தே சுரக்கிறது. நடுவில் வலிமை தரும் இழையாக நிற்பது ஃபைப்ராயின். அதைச் சுற்றி ஒட்டுப் பசைபோல் பூசியிருப்பது செரிசின். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு இந்தப் பசைதான். கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டு காஞ்சியில் சாயத்துக்குப் போகுமுன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைக்கப்படுவது இந்தப் பசையைப் போக்கத்தான்; அது போன பிறகே பட்டுக்கு மினுமினுப்பும் வழவழப்பும் கிடைக்கின்றன, நூலும் அந்த அளவுக்கு எடை குறைகிறது. புரத இழைக்குப் பொதுவாகக் கடுங்காரம் பகை. செல்லுலோஸ் அதைத் தாங்கும். பட்டைக் காரமில்லாத எதிலாவது துவைக்க வேண்டும் என்ற வீட்டு வழக்கத்துக்கு இதுவே அடிப்படை.

ஒரு பொருள் காரமா அமிலமா என்பதைச் சொல்ல 0 முதல் 14 வரை எண்ணிட்ட ஓர் அளவு உண்டு. அதைப் பிஹெச் என்கிறார்கள். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இதைக் கண்டறியப் பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் இருக்கும். வீட்டில் மஞ்சள் தூள் இருக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், பிஹெச் ஏறத்தாழ 8-ஐத் தாண்டும்போது மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறிவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவதும், மஞ்சள் கறை பட்ட சட்டையில் சோப்பைத் தேய்த்தவுடன் கறை சிவந்து வீட்டாரைப் பதறவைப்பதும் இதனால்தான். மஞ்சள் தூளைச் சிறிது தண்ணீரில் குழைத்து, உறிஞ்சும் தன்மையுள்ள வெள்ளைத் தாளில் பூசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, விரலகலத் துண்டுகளாக வெட்டிக்கொண்டால் சோதனைத் தாள் தயார். வெயிலில் உலர்த்தினால் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

துணிச் சோப்பு, குளியல் சோப்பு, சோப்புத் தூள், ஷாம்பு, பூந்திக்கொட்டை ஊறிய நீர், ஒப்பிடுவதற்கு வெறும் குழாய்த் தண்ணீர் என ஆறு தம்ளர்களில், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீருக்கு ஒரே அளவு பொருளைக் கரைத்து, தாளைத் தோய்த்துப் பார்த்தால் விடை கண்ணெதிரே வந்துவிடும். சோப்புகளில் தாள் சிவக்கும். பூந்திக்கொட்டை நீரிலும் பெரும்பாலான ஷாம்புகளிலும் மஞ்சளாகவே நிற்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பூந்திக்கொட்டை நீர் இலேசான அமிலத் தன்மை உடையது. ஆனால் மஞ்சள் தாளுக்கு அமிலமும் நடுநிலையும் ஒன்றுதான், இரண்டிலும் அது மாறாது. அந்த வேறுபாட்டைக் காட்டச் செம்பருத்திப் பூவின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு உதவும். அது அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறக்கூடியது. ஒரு கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிள்ளை தானாகவே எழுதிவிட்டால் ஆசிரியர் மேற்கொண்டு கேட்க அதிகமில்லை.

இவ்வளவும் ஒரு மாலைப் பொழுது வேலை. இன்னும் இரண்டு நாள் கைவசம் இருந்தால் கேள்வியை ஒரு படி மேலே கொண்டுபோகலாம்: காரம் உள்ள நீரில் ஓரிரவு ஊறிய பட்டு நூல் உண்மையிலேயே வலிமை இழக்கிறதா? நூலுக்குச் செலவில்லை. தறி உள்ள எந்த வீட்டிலும் பாவு பிணைக்கும்போது வெட்டி எறியும் நூல் துணுக்குகள் இருக்கும். கேட்டால் ஒரு பிடி அள்ளிக் கொடுப்பார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்பட்ட நூல், ஊடை என்பது நாடா எனும் தறி ஓடத்தில் அடங்கிக் குறுக்கே ஓடும் நூல். சோதனைக்கு முறுக்கேறிய பாவு நூல் ஏற்றது. எல்லாத் துணுக்குகளும் ஒரே பாவிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும்.

அளக்கும் முறை எளிது. ஓர் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தில் மெல்லிய கம்பியால் வளையம் கட்டி, நூலின் ஒரு முனையை அந்த வளையத்திலும் மறுமுனையை மேலே இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கிடத்திய ஒரு கழியிலும் பொருத்தி, கீழே ஒரு வாளியை வைத்துவிட்டு, புனல் வழியாகப் பாட்டிலில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நூல் அறுந்த கணத்தில் நிறுத்தி, உள்ளே இருந்த நீரை மருந்து அளக்கும் மூடியாலோ அளவுக் குவளையாலோ அளந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் நூல் தாங்கிய எடை கிடைத்துவிடும்; பாட்டிலின் எடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் முயற்சியில் நூல் பெரும்பாலும் முடிச்சுப் போட்ட இடத்திலேயே அறும். முடிச்சு இறுகும் இடத்தில் இழை மடிந்து நசுங்குவதால் அப்படி நேர்கிறது. அதைத் தவிர்க்க, முனையை முடிச்சிடாமல் ஒரு பென்சிலில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் டேப்பால் ஒட்டிவிட்டால், நூல் நடுவில் அறும். ஒரே வகை நூலில் ஐந்து முறையாவது அறுத்துப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும், ஏனெனில் ஒரே பாவிலிருந்து எடுத்த இரண்டு நூல்கூட ஒரே எடையில் அறுவதில்லை.

விடை எப்படி வரும் என்பது இங்கே முன்கூட்டி உறுதியாகத் தெரியாது. இந்தத் திட்டத்தின் சிறப்பே அதுதான். சாயப்பட்டறையில் பட்டு, சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரையே தாங்கி வெளியே வந்திருக்கிறது. அப்படியிருக்க ஓரிரவுச் சோப்பு நீர் அதை அசைக்காமலும் போகலாம். வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்பதும் ஒரு முடிவுதான். அதை அப்படியே எழுத வேண்டும், எதிர்பார்த்த விடைக்காக எண்ணைத் திருத்தக் கூடாது. அப்படியானால் பாட்டி பூந்திக்கொட்டையைச் சொன்னது எதற்காக, இழைக்காகவா, சாயம் போகாமலிருக்கவா, ஜரிகை கறுக்காமலிருக்கவா என்ற அடுத்த கேள்வி அங்கே தானாகப் பிறக்கும். ஊறவைத்த எல்லா நூலையும் அலசி, ஒரே அளவு உலர்த்திய பிறகே அறுத்துப் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் கவனம் தேவை. பட்டு நனைந்திருக்கும்போது உலர்ந்த நிலையைவிட வலிமை குறைவாகவும், பருத்தி நனைந்திருக்கும்போது வலிமை கூடுதலாகவும் இருக்கும். இந்த எதிரெதிர்ப் போக்கே தனியொரு திட்டத்துக்குப் போதுமானது: உலர்ந்த பட்டு, நனைந்த பட்டு, உலர்ந்த பருத்தி, நனைந்த பருத்தி என நான்கு வகை, ஒரு பாட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

காஞ்சித் தறிகளுக்குப் பழைய கதை ஒன்றும் உண்டு. அங்கே நெய்யும் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கப்படுகின்றன. ஓர ஊடையைத் தள்ளித்தர நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்குப் போகவேண்டிய சிறுவர்களே உட்காரவைக்கப்பட்டார்கள். இன்று அதே தறியின் பக்கத்தில் ஒரு சிறுமி அளவுகோலும் நோட்டுமாக உட்கார்ந்து கேள்வி கேட்பது அந்த ஊருக்குச் சிறிய மாற்றமல்ல.

தறியிலிருந்து இன்னொரு திட்டமும் கிடைக்கிறது; கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது ஏற்றது. முந்தானையிலும் கரையிலும் மயிலும் அன்னமும் விழுவது ஜக்கார்டு பெட்டியால். அதில் சங்கிலிபோல் கோத்த துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும், துளை இல்லாத இடத்தில் கீழே நிற்கும். பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய இந்த அமைப்பைப் பார்த்தே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் எந்திரத்துக்குத் துளையட்டையை எடுத்துக்கொண்டார். ஜக்கார்டு காஞ்சிக்கு வருவதற்கு முன்பே ‘அடை’ என்ற நூற்கட்டு முறையில் இங்கே வடிவங்கள் நெய்யப்பட்டன. கட்டம்போட்ட தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு சிறு கோபுரத்தை வரைந்து, நிறைத்த கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என எழுதி, வரிசைக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, அந்த அட்டைகளை மட்டும் வைத்து வேறொரு மாணவர் படத்தைத் திரும்ப வரைய முடிகிறதா, எத்தனை கட்டம் தவறுகிறது என்று எண்ணினால், அது வெறும் மாதிரியாக நிற்காமல் சோதனையாகிவிடும்.

காஞ்சியின் கோயில்களிலும் கேள்விக்குப் பஞ்சமில்லை, ஆனால் எச்சரிக்கையும் அங்கேதான் மிகுதியாகத் தேவை. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்கள் பல இடங்களில் பொரிந்து மழுங்கியிருப்பதைப் பார்த்து, மணற்கல் ஏன் இப்படித் தேய்கிறது என்று கேட்பது நல்ல கேள்வி. அதற்காகச் சிற்பத்தைச் சுரண்டுவதும், எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பார்ப்பதும் குற்றம். அதற்குப் பதிலாகச் செங்கல் துண்டையும் கருங்கல் ஜல்லியையும் எடை போட்டு, ஓரிரவு நீரில் ஊறவைத்துத் துடைத்து மீண்டும் எடை போட்டால், நுண்துளைகள் மிகுந்த பொருள் எவ்வளவு நீரைக் குடிக்கிறது, கருங்கல் எவ்வளவு குறைவாகக் குடிக்கிறது என்பது தெரியவரும். கோயிலைக் கண்ணால் பார்த்தால் போதும்.

வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்தி மரத்தாலான வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்கிறார். 1979-க்குப் பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி தந்து, மீண்டும் நீருக்குள் சென்றார். மரம் நீரில் இருந்தும் எப்படி மட்காமல் இருக்கிறது என்று அன்று பெற்றோரின் தோளில் இருந்து பார்த்த பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். மரத்தை அரிக்கும் பூஞ்சைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும், நீரடியில் அது மிகக் குறைவு என்பது அதற்கு அறிவியல் தரும் பொதுவான விளக்கம். கேள்வி அருமையானது, ஆனால் மரம் மட்கக் காத்திருக்கும் திட்டம் நாலு நாளில் ஒப்படைக்க வேண்டிய பிள்ளைக்கு உதவாது. கேள்வி நன்றாயிருப்பது வேறு, அது கைவசமுள்ள நாட்களுக்குள் அடங்குவது வேறு என்பதைப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால் சமையலறைக்குப் போவதே வழி. அதே கோயிலின் பிரசாதமான காஞ்சிபுரம் இட்லியில், மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் வேகும் அந்த மாவில், மிளகும் சீரகமும் சுக்கும் சேர்கின்றன. இட்லி மாவைப் பொங்கவைப்பவை, லியூகோனோஸ்டாக் வகை பாக்டீரியா முதலான நுண்ணுயிரிகள்; அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிட, உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியேறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மசாலா அந்த நுண்ணுயிரிகளைத் தடுக்கிறதா என்பது கேள்வி. இரண்டு நேரான கண்ணாடித் தம்ளர்களில் ஒரே உயரத்துக்கு மாவை ஊற்றி, ஒன்றில் மட்டும் அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள் கலந்து, வெளியே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி உயரத்தைக் கோடிட்டு வைத்து, படுக்கப்போகும்போது ஒரு முறை, விடிந்ததும் ஒரு முறை, பிறகு பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு முறை அளக்க வேண்டும். தம்ளரில் பாதிக்கு மேல் மாவு ஊற்றக் கூடாது, பொங்கி வழிந்தால் அளவு போய்விடும். மார்கழியில் செய்பவர்கள் குளிரில் மாவு தாமதமாகப் பொங்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவை அனைத்திலும் பெற்றோரின் பங்கு ஒன்றே: கேள்வியைச் சுருக்கித் தருவது. ‘பட்டைப் பற்றி’ என்று பிள்ளை தொடங்கினால் ‘எந்தச் சோப்பு’ என்ற இடம்வரை கூடவே நடந்துவந்து, அங்கே விலகி நின்றுகொள்ள வேண்டும். தீ, கொதிநீர், சாயப்பட்டறைக் கழிவு, கூரிய கத்தி ஆகியவை வரும் இடத்தில் மட்டும் பெரியவர் கை இருக்கட்டும். நோட்டில் தேதியும் நேரமும் அளவும் பிள்ளையின் கையெழுத்திலேயே, அடித்தல் திருத்தலோடு இருந்தால் நல்லது. அடித்தலே இல்லாத நோட்டைப் பார்த்தால் அனுபவமுள்ள ஆசிரியருக்கு ஐயம் வரும்.

தலைப்பு முடிவானதும் தறி உள்ள வீட்டுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பி, நூலைத் தானே கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள். காலையில் பாவு பிணைக்கும் நேரமாகப் பார்த்துப் போகட்டும்.